புது அடுப்பில் பழைய அண்டா: வரப்போகும் பதிப்பில் மென்பொருளை முன்கூட்டியே சோதிப்பது

ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஜாவா என்ற நிரல்மொழியின் புதுப் பதிப்பு வருகிறது. வந்த மறுநாள் பல அலுவலகங்களில் ஒரே பேச்சுதான். "இப்போதைக்குத் தொடாதீங்க. ஆறு மாசம் போகட்டும். மத்தவங்க மாட்டிக்கிட்டுச் சரி பண்ணினதும் நாம மாறிக்கலாம்." கேட்க விவேகமான யோசனையாகத்தான் இருக்கிறது. நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மற்றவர்கள் யார், அவர்கள் யாரிடம் சொல்லிச் சரிசெய்கிறார்கள், எந்தத் தேதிக்குள் சொன்னால் சரியாகும் என்று கேட்டால் பதில் தெரிந்தவர்கள் குறைவு.

அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நிரல் எழுதத் தொடங்கி ஓரிரு மாதம் ஆனவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடுப்படியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மண்டபத்தில் புது அடுப்பு

ஒரு கல்யாண மண்டபம். பதினைந்து வருடமாக ஒரே சமையல் குழு அங்கே சமைக்கிறது. அண்டா, தவலை, கரண்டி எல்லாம் அவர்களுடையது. அடுப்பும் தண்ணீரும் கேஸும் மண்டபத்துக்காரர் பொறுப்பு. இப்போது அவர் அடுப்பை மாற்றுகிறார். நல்ல அடுப்பு, கேஸ் குறைவாகப் பிடிக்கும். தை முதல் முகூர்த்தத்தில் அதுதான் எரியப்போகிறது.

சமையல்காரர் மார்கழியிலேயே ஒரு நாள் வந்து தன் பெரிய அண்டாவை அதன் மேல் ஏற்றிப் பார்க்கிறார். அண்டா தாங்கியில் சரியாக உட்காராமல் ஆடுகிறது. அவர் வேறு அண்டா தேடலாம். இல்லையென்றால், "தாங்கியை ரெண்டு விரல் அகலமாக்கிக் குடுங்கண்ணே" என்று கேட்கலாம். பட்டறை வேலை இன்னும் முடியவில்லை என்பதால் மாற்றுவது சுலபம். அதோடு இன்னொன்றும் தெரியவருகிறது: மூன்றாவது பர்னர் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. அடுப்பு செய்தவர் சின்னப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துச் சோதித்திருப்பார், அதில் இது தெரிந்திருக்காது. ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கும்போதுதான் தெரியும்.

முகூர்த்த நாள் விடிகாலை நாலு மணிக்கு இது தெரியவந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே மண்டபம்தான் தளம். ஒரு நிரல் ஓடத் தேவையான மொழி, அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், கூடவே வரும் லைப்ரரிகள் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டைத் தளம் என்கிறோம். ஜாவா, பைத்தான், ரஸ்ட் எல்லாம் தளங்கள். சமையல் குழு என்பது திறமூல மென்பொருள். அதாவது மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை கொடுத்து வெளியிடப்பட்ட மென்பொருள். வங்கிச் செயலியிலிருந்து கைபேசி விளையாட்டு வரை பலவும் இப்படிப்பட்ட லைப்ரரிகளின் மேல்தான் நிற்கின்றன.

இதுவரை பார்த்ததில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: முன்கூட்டியே வைத்துப் பார்த்தால் அண்டாவின் குறையும் தெரியும், அடுப்பின் குறையும் தெரியும். சோதனை இரண்டு பக்கமும் நடக்கிறது. பெரும்பாலோர் நினைப்பதுபோல "என் நிரல் புதுப் பதிப்பில் தேறுமா" என்பது பாதிக் கேள்விதான்.

பொருத்தம் பார்ப்பதில் மூன்று வகை

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே மூன்று போதும்.

முதலாவது மூலநிரல் பொருத்தம். பழைய மூலநிரலைப் புதுக் கம்பைலரிடம் கொடுத்தால் அது முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறதா? நீங்கள் பயன்படுத்திய ஒரு செயல்கூறைத் தளத்திலிருந்து நீக்கியிருந்தால் இங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது இருமப் பொருத்தம். பழைய தளத்தின் கம்பைலர் ஏற்கெனவே கட்டி முடித்த கோப்பை, மறுபடி கட்டாமல் அப்படியே புதுத் தளத்தில் ஓட்டினால் ஓடுகிறதா? மூலநிரல் பொருந்தியும் இது பொருந்தாமல் போவதுண்டு.

மூன்றாவது நடத்தைப் பொருத்தம். கட்டவும் முடிகிறது, ஓடவும் ஓடுகிறது, ஆனால் விடை மாறியிருக்கிறது. மூன்றில் இதுதான் பொல்லாதது. முதல் இரண்டும் உடைந்தால் சத்தம் வரும், இது சத்தமில்லாமல் உடையும். அதனால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி

2023 மார்ச்சில் ஜாவா 20 வந்தது. நேரத்தை அமெரிக்க ஆங்கில முறையில் எழுதினால் '9:30 ஏஎம்' என்று வரும் அல்லவா, அதில் எண்ணுக்கும் ஏஎம்முக்கும் நடுவே அதுவரை சாதாரண இடைவெளிதான் இருந்தது. ஜாவா 20-இல் அந்த இடத்தில் வேறோர் இடைவெளி வந்து உட்கார்ந்தது: கொஞ்சம் ஒடுங்கியது, வரி உடையாதது. நாடுகளின் தேதி, நேர வழக்கங்களைத் தொகுத்து வைக்கும் யூனிகோட் தரவின் புதுப் பதிப்பைச் சேர்த்துக்கொண்டதால் வந்த மாற்றம் இது. அச்சுக் கலை தெரிந்தவர்கள் இது சரியான மாற்றம் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் சோதனை நிரல்கள், அதாவது எதிர்பார்த்த விடை வருகிறதா என்று தானாகப் பார்க்கும் நிரல்கள், வரிசையாகத் தோற்றன. தோல்விச் செய்தியைப் படித்தால் தலை சுற்றும்: எதிர்பார்த்தது '9:30 ஏஎம்', கிடைத்தது '9:30 ஏஎம்'. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். எழுத்துகளின் எண் மதிப்பை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தால்தான் நடுவில் இருப்பது வேறு எழுத்து என்று தெரியும். பயனர் விசைப்பலகையில் சாதாரண இடைவெளி தட்டிக் கொடுத்த நேரத்தைப் படிக்கும் நிரல்களும் திணறின. பிறகு 2024 செப்டம்பரில் வந்த ஜாவா 23-இல், கெடுபிடியில்லாத முறையில் படிக்கும்போது இந்த இடைவெளிகளை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் வசதி வந்தது.

தமிழோடு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொன்று இருக்கிறது. ஜாவா 17 வரை, ஒரு கோப்பை எந்தக் குறியாக்கத்தில் படிப்பது என்று நீங்கள் சொல்லாவிட்டால் தளம் இயங்குதளத்தைப் பார்த்து முடிவு செய்யும். குறியாக்கம் என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தம். லினக்ஸில் அது பெரும்பாலும் யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கமாக இருக்கும். ஆங்கில விண்டோஸில் 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட் எடுக்கும். அந்த மூன்று பைட்டையும் 1252 மூன்று தனி எழுத்துகளாகப் படிக்கும். அதனால்தான் 'அ' இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஓர் ஆங்கில எழுத்தும், பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறியும் வந்து நிற்கும். தமிழில் நிரல் எழுதிய எல்லோரும் இந்த வட்டத்துக்குள் 'ஆர்' முகத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள்.

2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 இதற்கு முடிவு கட்டியது. எந்த இயங்குதளமானாலும், சொல்லாவிட்டால் யூடிஎஃப்-8 என்று ஆனது. நமக்கு நல்ல செய்திதான். ஆனால் பழைய திஸ்கி குறியாக்கத்தில் இருக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன நிரல் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திஸ்கி ஒரு எழுத்துக் குறிக்கு ஒரே பைட். விண்டோஸில் அந்த பைட்டுகளை 1252 ஏதோ ஐரோப்பிய எழுத்தாகப் படித்துக் கொடுக்க, உங்கள் நிரல் அந்த ஐரோப்பிய எழுத்தைப் பார்த்து உரிய தமிழ் எழுத்தைப் போட்டு வந்தது. ஜாவா 18-இல் அதே நிரல் அதே கோப்பை யூடிஎஃப்-8 என்று எண்ணிப் படிக்கும். பைட்டுகள் அந்த விதிக்குள் அடங்காது. ஒவ்வொன்றும் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரமாக மாறிவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது, வெளியீட்டுக் கோப்பு மட்டும் பாழாகியிருக்கும். மூலத்தை அழித்துவிட்டு வெளியீட்டை மட்டும் வைத்துக்கொண்டவர் பாடு பெரும்பாடு.

இதில் தளம் செய்தது தவறில்லை, நிரல் எழுதியவரும் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. கோப்பைத் திறக்கும் இடத்தில் குறியாக்கத்தின் பெயரை ஒரு சொல்லில் எழுதியிருந்தால் எந்தப் பதிப்பிலும் ஓடியிருக்கும். நடத்தைப் பொருத்தம் உடையும் இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: எங்கேயும் எழுதிவைக்காத ஒரு நம்பிக்கையின் மேல் நிரல் நின்றிருக்கும்.

பதிப்பு எண்ணிலேயே இந்தக் கதை உண்டு. ஜாவா 8 தன்னை '1.8' என்று அறிவித்துக்கொள்ளும். 2017-இல் ஜாவா 9 வெறும் '9' என்று சொன்னதும், '1.'-க்கு அடுத்து வருவதைத் தேடிய நிரல்கள் முழித்தன. பைத்தானில் 2021 அக்டோபரில் 3.10 வந்தபோது, பதிப்பின் முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டிப் படித்த நிரல்கள் அதை 3.1 என்று எண்ணிக்கொண்டன. அமைப்புக் கோப்பில் மேற்கோள் குறி போடாமல் 3.10 என்று எழுதியவர்களுக்கும் அதே கதிதான், தசம எண்ணில் கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லையே.

சுருக்கமாக: கட்ட முடிகிறதா, பழையது ஓடுகிறதா, விடை அதேதானா என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் பார்க்க நல்ல சோதனை நிரல்கள் வேண்டும்.

ஐந்து நாள் இடைவெளியில் 2011-இல் நடந்தது

இப்போது அடுப்பின் பக்கம் இருந்த கோளாறு. 2011 ஜூலை 28 அன்று ஜாவா 7 வெளியானது. அதே நாளில் அப்பாச்சி என்ற திறமூல அமைப்பின் லூசீன் குழு பயனர்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது: ஜாவா 7-ஐப் பயன்படுத்தாதீர்கள். லூசீன் என்பது பெரிய உரைத் தொகுப்புகளில் சொல் தேட உதவும் லைப்ரரி. சோலர் என்ற தேடல் மென்பொருள் அதன் மேல்தான் கட்டப்பட்டது.

ஜாவா நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடிக்கடி சுற்றும் சுழற்சிகளை ஹாட்ஸ்பாட் என்ற உள்பகுதி கண்டுபிடித்து இயந்திர மொழிக்கு மாற்றி வேகப்படுத்தும். அந்த வேகப்படுத்தும் வேலையில் பிழை. சில சுழற்சிகள் தப்பான விடை கொடுத்தன. ஆங்கிலச் சொற்களின் விகுதியை வெட்டி வேர்ச்சொல் எடுக்கும் பகுதியில் நிரலோடு சேர்ந்து ஜாவாவே விழுந்தது. அதைவிட மோசம், தேடலுக்காகக் கட்டி வைக்கும் சொல்லடைவு சில நேரம் பிழையாகவே பதிவாகும் ஆபத்து இருந்தது.

லூசீன் குழு இதைக் கண்டுபிடித்தது வெளியீட்டுக்கு ஐந்தே நாள் முன்பு. அந்த ஐந்து நாளில், ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனத்தால் திருத்திச் சேர்க்க முடியவில்லை. ஜாவா 7 அந்தப் பிழையோடேயே வெளிவந்தது. திருத்தம் அக்டோபரில் வந்த முதல் புதுப்பிப்பில்தான் கிடைத்தது. நடுவே இருந்த மாதங்களில், குறிப்பிட்ட வேகப்படுத்தலைக் கையால் அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்பதுதான் மாற்று வழி.

லூசீனுக்கு முன்பே ஆயிரக்கணக்கான சோதனைகள் அந்த ஜாவாவின் மேல் ஓடியிருக்கும். ஆனால் இப்படி ஒரு சுழற்சியை இத்தனை தடவை சுற்ற வைக்கும் வேலை நிஜ மென்பொருளிடம்தான் இருந்தது. ஐந்நூறு பேருக்கான சாம்பார் கொதிக்க வேண்டியிருந்தது. இன்று லூசீன் குழு வரப்போகும் ஜாவாக்களில் தன் சோதனைகளைத் தொடர்ந்து ஓட்டுகிறது. மொழி அமைப்பு, நேர மண்டலம் போன்றவற்றை ஒவ்வொரு முறையும் குலுக்கிப்போட்டு மாற்றிக்கொண்டே ஓட்டுகிறது.

எந்தத் தேதிக்குள் சொன்னால் கேட்பார்கள்

ஐந்து நாள் போதவில்லை என்றால் எத்தனை நாள் வேண்டும்? ஜாவாவில் இதற்குத் தெளிவான காலண்டர் இருக்கிறது. செப்டம்பர் வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். ஜூன் தொடக்கத்தில் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு புது வசதி எதுவும் உள்ளே வராது, பிழைத் திருத்தம் மட்டும்தான். ஜூலை நடுவில் இன்னும் இறுகும், முக்கியமான பிழைகளை மட்டுமே, அதுவும் ஒப்புதல் வாங்கி, தொடுவார்கள். ஆகஸ்டில் வருவது வெளியீட்டுக்கு முந்தைய இறுதி வடிவம். வெளியீட்டையே நிறுத்த வேண்டிய அளவுக்குப் பெரிய பிழை தவிர வேறெதையும் அதில் கைவைக்க மாட்டார்கள்.

வளர்ந்துகொண்டிருக்கும் தளத்தை அப்படியே கட்டி, பொதுவாக வாரம் ஒரு முறை எல்லோருக்கும் பதிவிறக்கக் கொடுக்கிறார்கள். இதற்கு முன்னோட்டப் பதிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மே, ஜூன் மாதங்களில் அதை எடுத்துச் சோதித்துச் சொன்னால் உங்கள் பேச்சு எடுபடும். ஒரு புது வசதியின் வடிவமே பிடிக்கவில்லை என்றால் அதற்கும் முன்பே சொல்ல வேண்டும். வெளிவந்த பிறகு சொன்னால், புது நடத்தையை நம்பி அதற்குள் வேறு நிரல்கள் எழுதப்பட்டிருக்கும். அதை மாற்றினால் அவை உடையும். ஆறு மாதம் காத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சில் இடமே கிடைப்பதில்லை.

ஜாவாவின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகே இதற்காகவே குவாலிட்டி அவுட்ரீச் என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட திறமூலத் திட்டங்கள் அதில் சேர்ந்து முன்னோட்டப் பதிப்புகளில் ஓட்டிப் பார்த்து, கண்டதைத் திருப்பிச் சொல்கின்றன. தளத்துக்காரர்களும் "அடுத்த பதிப்பில் இந்த இடம் மாறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முன்பே தகவல் அனுப்புகிறார்கள். பைத்தானில் வருடம் ஒரு வெளியீடு, அக்டோபரில். மே மாதம் முதல் பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்ததும் புது வசதிகளுக்குக் கதவு சாத்தப்படும். அங்கே அதுதான் சோதனைக்கு நல்ல காலம்.

'கைவிடல்' என்ற சொல்லும் இங்கே குழப்புகிறது. ஒரு செயல்கூறு கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது என்றால் அது நீக்கப்பட்டதாக அர்த்தமில்லை. வேறு வழிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்ற முன்னறிவிப்பு, அவ்வளவுதான். எவ்வளவு காலம் என்பது தளத்துக்குத் தளம் மாறும். ஜாவாவில் ஓடும் இழையை (ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு இணையாக ஓடும் வேலையை) திடீரென்று நிறுத்தும் ஒரு கட்டளை 1998-இலேயே கைவிடப்பட்டது. 2023-இல் ஜாவா 20 வந்தபோதுதான் அது வேலை செய்யாமல் போனது. பைத்தானின் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதிக்கு 2021-இல் அறிவிப்பு வந்தது, 2023-இல் 3.12-இலிருந்து எடுத்தேவிட்டார்கள். ஆகவே எச்சரிக்கைச் செய்திகளை அணைத்து வைக்காதீர்கள். அதில் வருவதுதான் நாளைய பிழை.

சங்கிலியின் கீழ்க் கண்ணி

உங்கள் நிரல் ஒழுங்காக இருந்தும் புதுத் தளத்தில் ஓடாமல் போகலாம், ஏனென்றால் அது தனியாக ஓடுவதில்லை. கட்டும் கருவி ஒன்று, சோதிக்கும் கருவி ஒன்று, அவை நம்பியிருக்கும் லைப்ரரிகள் பல. ஜாவாவில் கட்டி முடித்த ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வடிவ எண் இருக்கும். ஜாவா 8-க்கு 52, 17-க்கு 61, 21-க்கு 65. பதிப்போடு 44-ஐக் கூட்டினால் வரும் எண் அது. இந்தக் கோப்புகளைத் திறந்து படிக்கும் ஏஎஸ்எம் போன்ற லைப்ரரிகளுக்குப் புது எண் தெரியாவிட்டால், '65 என்ற வடிவத்தை அறியேன்' என்று மறுத்துவிடும். ஏஎஸ்எம் புதுப்பிக்கப்பட்டு, அதைப் பயன்படுத்தும் கருவி புதுப்பிக்கப்பட்டு, அதன் பிறகுதான் உங்கள் முறை வரும். இந்தக் கீழ்க் கண்ணிகளில் சிலவற்றை ஒருவரோ இருவரோ தங்கள் மாலை நேரத்தில் சம்பளமில்லாமல் பராமரிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே சரியான பிழை அறிக்கை ஒன்று போய்ச் சேர்ந்தால் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முன்பே உடைந்திருந்ததா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. புதுப் பதிப்பில் சோதனை தோற்றால் உடனே பழியைப் புதுப் பதிப்பின் மேல் போட்டுவிடுவார்கள். பழைய பதிப்பிலும் அதே சோதனை தோற்றுக்கொண்டிருந்திருக்கலாம்.

ரஸ்ட் மொழிக்காரர்கள் இதைத் தெளிவாகச் செய்கிறார்கள். கிரேட்டர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். பொதுவில் வெளியிடப்பட்ட ரஸ்ட் லைப்ரரிகளை எல்லாம் எடுத்து, இன்றைய கம்பைலரில் ஒரு முறை, வரப்போகும் கம்பைலரில் ஒரு முறை கட்டிப் பார்க்கும். இரண்டிலும் தோற்றால் அது பழைய நோய். பழையதில் தேறிப் புதியதில் தோற்றால்தான் பின்னடைவு என்று கணக்கு. பின்னடைவு தெரிந்த பிறகும் முடிவு எடுப்பது மனிதர்கள்தான். 2024 ஜூலையில் ரஸ்ட் 1.80 வந்தபோது, பலரும் பயன்படுத்திய 'டைம்' என்ற லைப்ரரியின் பழைய பதிப்புகள் கட்ட முடியாமல் போயின. உடையும் என்பது முன்பே தெரிந்திருந்தும் மாற்றம் உள்ளே போனது. பல பேருக்கு அது வருத்தம், என் பார்வையில் அந்த வருத்தம் நியாயமானது.

நீங்களே செய்து பார்க்க

சரி, ஒரு சனிக்கிழமை மதியம் போதும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் சின்னத் திறமூல லைப்ரரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இன்றைய நிலையான பதிப்பில் அதன் சோதனைகளை ஓட்டி விடையைக் கோப்பில் சேமியுங்கள். அப்புறம் முன்னோட்டப் பதிப்பைத் தனி அடைவில் இறக்குங்கள். கணினியின் வழக்கமான பதிப்பைத் தொடாதீர்கள், திங்கள்கிழமை வேலை கெட்டுவிடும். பழைய பதிப்பில் கட்டிய கோப்பைப் புதியதில் ஓட்டுங்கள். பிறகு புதியதிலேயே கட்டுங்கள். பிறகு சோதனைகளை ஓட்டி, சேமித்த விடையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

மாற்றங்களைச் சேர்த்ததும் தானாகச் சோதனை ஓட்டும் வசதி அந்தத் திட்டத்தில் இருந்தால், முன்னோட்டப் பதிப்பையும் அதில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். 'தோற்றாலும் மற்ற வேலையை நிறுத்தாதே' என்ற குறிப்போடு சேர்ப்பதுதான் வழக்கம். அந்தக் குறிப்புக்கு ஒரு ஆபத்து உண்டு: சிவப்பு விளக்கு எரிந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காமல் மாதங்கள் ஓடிவிடும். வாரம் ஒரு நாள் அதைத் திறந்து பார்க்க ஒருவர் பெயரைக் குறித்து வைக்காமல் அந்த வரியைச் சேர்ப்பதில் பயனில்லை.

வித்தியாசம் ஏதாவது கண்ணில் பட்டால், அது வருவதற்குத் தேவையான நிரலைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். 2,000 வரி 200 ஆகும், 200 வரி பத்தாகும். அந்தப் பத்து வரி, இரண்டு பதிப்புகளின் முழு எண், இரண்டிலும் கிடைத்த விடை, இயங்குதளத்தின் பெயர். இவ்வளவுதான் நல்ல பிழை அறிக்கை. லைப்ரரிக்கு அனுப்புவதா, தளத்துக்கு அனுப்புவதா என்று தெரியாவிட்டால் முதலில் லைப்ரரிக்காரர்களிடம் போங்கள். பத்து வரியில் அந்த லைப்ரரியின் பெயரே இல்லாமல் போயிருந்தால் தளத்துக்கே அனுப்பிவிடலாம்.